நகரக் காணியும் வீட்டின் வடிவமும்: கொழும்புக் குடியிருப்புகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து நோக்கலாகாது என்பது ஈழத்து முற்போக்கு விமர்சனம் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த கருத்தாகும். ஒரு சிறுகதையின் வடிவத்தை ஆராயும்போது அவ்வடிவத்தை வேண்டி நின்ற சமூகத் தேவை யாது என வினவுவதற்கு நாம் பழகியுள்ளோம். ஆயின் நாள்தோறும் புழங்கும் ஏனைய வடிவங்கள் மீது இதே வினாவை எழுப்புவதற்கு நாம் பெரிதும் முற்பட்டதில்லை. அத்தகைய வடிவங்களுள் முதன்மையானது வீடு.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாக வகுத்துக் காட்டுகிறது. கைவினைஞரும் உழைப்போரும் கடல் கடந்து வந்தோரும் கரையோரப் பாக்கத்திலும், அரசரும் பெருவணிகரும் அந்தணரும் உள்நகரப் பாக்கத்திலும் வாழ்ந்ததாக அது கூறும். இவ்வருணனையின் நயத்தை வகுப்பறைகளில் எடுத்துரைக்கும் நாம், ஒரு நகரத்தின் காணி எந்த நியதியின்படி இவ்வாறு பங்கிடப்படுகிறது என்ற வினாவை அதே வகுப்பறைகளில் எழுப்புவது அரிது. இலக்கியத்தில் வரும் நகரத்துக்கே இந்நிலை எனின், நாம் வாழும் நகரம் எமது விமர்சனத்துக்கு வெளியே நிற்பதில் வியப்பில்லை.

இக்கட்டுரை கொழும்பு நகரின் சில வீட்டு வடிவங்களை அவ்வாறான நோக்கில் வாசிக்க முற்படுகிறது. கட்டிடக்கலைத் தொழினுட்பம் எமது துறையன்று. ஆயினும் வீட்டுப் படம் என்பதும் ஒருவகையில் ஒரு பனுவலே. அதனை எழுதியவர் உளர், எழுதுவித்தவர் உளர், அதனுள் வாழ விதிக்கப்பட்டவரும் உளர். நகர வீடமைப்புப் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் 'காணி குறைவு' என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்ட முதற் கூற்றாக முன்வைக்கப்படுகிறது. குறைந்த காணியில் கூடிய வீடுகளை எவ்வாறு திறம்பட அமைப்பது என்பது மட்டுமே பின்னர் எஞ்சும் கேள்வியாகிறது. அந்த முதற் கூற்றையே நாம் இங்கு சோதிக்க விரும்புகிறோம்.

2

'தோட்டம்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவது பயனுடையது. கொழும்பிலே இச்சொல் ஒன்றுக்கொன்று முரணான பொருள்களைத் தாங்கி நிற்கிறது. கறுவாத்தோட்டம் என்பது நாட்டின் மிக வசதி படைத்தோர் வாழும் பகுதி. பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கென ஆக்கிய நகரத் திட்டத்துடன் சேர்த்துப் பேசப்படுவது 'பூங்கா நகரம்' என்ற இலட்சியம். இவற்றுக்கு மறுபுறத்தே, கொட்டாஞ்சேனையிலும் வாழைத்தோட்டத்திலும் மருதானையிலும் தோட்டம் என்றால், சிங்களத்தில் 'வத்த' என்றால், ஒற்றைச் சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் அறைகளும் பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் கொண்ட முடுக்கு என்றே பொருள்படும்.

இம்முரண்பாடு தற்செயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கொழும்பின் செல்வந்தர் பலர் நகரின் வடபகுதியிலேயே பெருமனைகளில் வாழ்ந்தனர். 1875இல் அலைதடுப்புச் சுவர் வேலைகள் தொடங்கிக் கொழும்பு நாட்டின் பிரதான துறைமுகமாக மாறியபோது, களஞ்சியசாலைகளும் வேலைத்தலங்களும் அவற்றைச் சார்ந்த தொழிலாளரும் அப்பகுதியை நிறைத்தனர். செல்வந்தர் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் பெயர்ந்தனர். ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற மனைகளின் தோட்டங்கள் வீணாகக் கிடக்கவில்லை. பழந்தோட்டங்களில் வரிசை அறைகள் எழுந்தன. பெருமனைகளே அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஆக, ஒரு தோட்டத்தின் நெரிசலில் இருந்து கிடைத்த வாடகை மற்றொரு தோட்டத்தின் விசாலத்துக்கு உதவிற்று எனலாம். நகரின் இரு முகங்களையும் இணைத்து நிற்பது இவ்வுறவே.

இச்சொல்லுக்குத் தமிழர் நன்கறிந்த இன்னொரு பொருளும் உண்டு. மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தையே நாம் குறிப்பிடுகிறோம். அங்கே தொழிலாளிக்கு வழங்கப்பட்ட லயத்து அறை, ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. வரிசையாக நிற்கும் அறைகள், பகிரப்படும் சுவர், முன்னால் ஒடுங்கிய விறாந்தை, வெளியே பொதுக் குழாய் என்ற அதன் வடிவம் கொழும்பு முடுக்கின் வடிவத்தோடு நெருங்கிய உறவுடையது. இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் விரிந்து கிடந்த தோட்டத்தில் காணிப் பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் தொழிலாளியின் குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியே கிடைத்தது. நகரத்து அறை சிறுத்ததற்குக் காணிக் குறைவு காரணமாயின், மலையக அறை சிறுத்ததற்கு எது காரணம்?

உழைப்புச் சக்தியை மறுநாளும் வேலைக்கு அனுப்புவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த செலவு என்ற ஒரே கணக்கே இரு இடங்களிலும் அறையின் அளவை நிர்ணயித்தது என்பதே இதற்கு நாம் காணக்கூடிய விடையாகும். மலையகத்தில் லயத்துக்குப் பதிலாகக் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்ற கொள்கை 2015க்குப் பின்னரே அரசின் திட்டமாக உருப்பெற்றது. காணி அதற்கு முன்னரும் அங்கேயே இருந்தது. இல்லாதிருந்தது அக்காணி மீது தொழிலாளிக்குரிய உரிமையே.

3

நகரக் காணி சுருங்கிவருவதற்கு ஏற்ப வீட்டை எவ்வாறு அமைக்கலாம் என்ற வினாவுக்கு இலங்கைக் கட்டிடக்கலை அளித்த மிகச் சிறந்த விடைகளுள் ஒன்றாக, ஜெப்ரி பாவா 1960–62 காலப்பகுதியில் கொழும்பு 3இல் ஈனா டி சில்வா தம்பதியினருக்காக அமைத்த வீடு கருதப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்துப் பங்களா, பரந்த புல்வெளியின் நடுவே நின்று நாற்புறமும் வெளியை நோக்குவது. காணி துண்டாடப்பட்டு அயல் நெருங்கிவிட்ட பின்னர் அவ்வடிவம் பொருந்தாது போயிற்று. பாவா காணியின் எல்லையிலேயே மதிலை எழுப்பி, வீட்டை உள்நோக்கித் திருப்பி, நடுவே பெருமுற்றத்தை வைத்தார். காற்றும் ஒளியும் மழையும் முற்றத்தினூடாக வீட்டுக்குள் வந்தன. பழைய சிங்கள வளவுகளின் உள்முற்றமும் ஒல்லாந்தர் காலத்து நகர வீடும் இவ்வாறு நவீன வாழ்க்கைக்கு ஏற்றவாறு புத்துயிர் பெற்றன. இதன் அழகையும் நுண்ணறிவையும் குறைத்து மதிப்பிடுவது வரட்டு மார்க்சியமாகுமேயன்றி விமர்சனமாகாது.

ஆயினும் அவ்வீட்டைப் பற்றிய குறிப்புகளில் எல்லாம் 'சிறிய காணி' என வருணிக்கப்படும் காணியின் அளவு 30 பேர்ச்சஸ் ஆகும். ஏறத்தாழ 8,170 சதுர அடி. யாருக்கு இது சிறியது? பங்களாவில் வாழ்ந்த ஒரு வர்க்கத்துக்கே சிறியது. பாவாவின் சொந்த இல்லத்தின் வரலாறும் இவ்வகையில் பொருள் பொதிந்தது. கொழும்பு 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் 1958இல் குடியேறிய அவர், அடுத்த பத்தாண்டுகளில் ஏனைய மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே இல்லமாக்கினார். நெருங்கிய ஒழுங்கையில் இருந்தும் ஆழமான உள்வெளிகளை ஆக்கிய அந்த இல்லம் உலகப் புகழ் பெற்றது. நெருக்கடியான நகரத்துக்கான தீர்வாக அது எடுத்துக்காட்டப்படும்போது, நான்கு வீடுகள் ஒரு வீடாவதே அத்தீர்வின் நிபந்தனை என்பது சொல்லப்படாது விடப்படுகிறது.

முற்றம் பற்றிய ஏக்கம் எமது சமூகத்துக்கும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு இன்று பண்பாட்டின் சின்னமாகப் போற்றப்படுகிறது. வெப்ப வலயத்துக்கு ஏற்ற அறிவார்ந்த அமைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வீட்டின் படலையும் திண்ணையும் உள்முற்றமும், யார் எதுவரை வரலாம் என்பதை வரையறுத்த எல்லைகளாகவும் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்கு அம்முற்றம் துப்புரவு செய்வதற்குரிய இடமாக இருந்ததேயன்றி இளைப்பாறுவதற்குரிய இடமாக இருக்கவில்லை. மரபை மீட்பவர்கள் எந்த மரபை, எவருடைய நினைவிலிருந்து மீட்கிறார்கள் எனக் கேட்பது இலக்கிய விமர்சனத்தில் எமக்குப் பழகிய கேள்வியே. கட்டிடத்திலும் அதே கேள்வி செல்லுபடியாகும்.

ஈனா டி சில்வா வீட்டின் பிற்கால வரலாறு எமது வாதத்துக்கு வேண்டிய இறுதிச் சான்றைத் தருகிறது. காணி கைமாறியபோது அவ்வீடு நின்ற இடத்தில் நிற்க இயலாதாயிற்று. 2009 தொடக்கம் அது பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கை வளவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மீள நிறுவப்பட்டது. நகரக் காணிக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட தலைசிறந்த வீட்டினால்கூட நகரக் காணியின் விலையை எதிர்த்து நிற்க முடியவில்லை. வடிவம் எவ்வளவு உன்னதமானதாயினும் காணியுறவை அதனால் தனித்து வெல்ல முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

4

காணியுறவையும் வீட்டுடைமையையும் நேரடியாக மாற்றுவதற்கு இந்நாட்டில் எடுக்கப்பட்ட மிகத் துணிவான முயற்சி 1970களின் முற்பகுதியில் நிகழ்ந்தது. ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராக விளங்கிய கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் இதில் முக்கிய பங்கு வகித்தார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பாதுகாப்பளித்தது. 1973ஆம் ஆண்டின் வீடமைப்பு ஆதன உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் எத்தனை வீடுகளை உடைமையாக வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லை விதித்தது. மேலதிக வீடுகளை அவற்றில் வாழ்ந்தோரே பெற்றுக்கொள்ளவும் வழி பிறந்தது. தோட்டங்களில் தலைமுறைகளாக வாடகை கொடுத்து வந்த பல குடும்பங்கள் முதன்முறையாக இன்னொருவருக்குக் கடமைப்படாது வாழ்ந்தன. இது சிறிய சாதனையன்று.

ஆனால் இச்சட்டங்களின் குறைபாடுகளையும் நாம் ஒளிக்கலாகாது. தனியார் வாடகை வீடுகளைக் கட்டுவது சுருங்கியது; அவ்விடத்தை நிரப்புமளவுக்கு அரசு வீடுகளைக் கட்டவில்லை. மேலும், உடைமை கைமாறியதேயன்றி வடிவம் மாறவில்லை. முன்பு நிலக்கிழாருக்குச் சொந்தமாயிருந்த பத்தடி அறை இப்பொழுது குடியிருப்பாளருடையதாயிற்று. கூரை அதே கூரை. குழாய் அதே பொதுக் குழாய். உடைமையுறவை மாற்றினால் ஏனையவை தாமாகவே தொடரும் என்ற பொறிமுறைச் சிந்தனை இதன் பின்னணியில் இருந்தது எனக் கூறுதல் தவறாகாது. வடிவம் பற்றிய அக்கறை பூர்ஷ்வா அழகியலுக்குரியது எனக் கருதி அதனை நாம் கட்டிடக் கலைஞர்களிடம் விட்டுவிட்டோம்.

1977க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபையும் 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையும் நிறுவப்பட்டன. ரணசிங்க பிரேமதாஸவின் தலைமையில் 1978இல் ஆரம்பிக்கப்பட்ட ஓர் இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடர்ந்து, 1984–89 காலப்பகுதியில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் செயற்பட்டது. அரசே வீட்டைக் கட்டி வழங்குவதை விடுத்து, சிறு கடனும் காணியுறுதியும் அடிப்படை வசதிகளும் வழங்கி, மக்கள் தாமே கட்டிக்கொள்ள உதவுவது இரண்டாவது திட்டத்தின் அடிப்படையாகும். அக்காலத்தில் முற்போக்காளர் பலர் இதனை ஐயத்துடனேயே நோக்கினர். தொழிலாளி எட்டு மணிநேரம் முதலாளிக்கு உழைத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் தனது வீட்டையும் தானே கட்டவேண்டுமாயின், கூலியில் அடங்கியிருக்கவேண்டிய வீட்டுச் செலவு அவனது உடலின் மீதே சுமத்தப்படுகிறது. சுயஉதவி வீடமைப்பை ஆதரித்த ஜோன் ரேணரின் கருத்துகளை எதிர்த்து 1978இல் றொட் பேர்ஜெஸ் முன்வைத்த மார்க்சிய விமர்சனத்தின் சாரமும் இதுவே. அவ்விமர்சனம் இன்றும் வலிமை குன்றாதது. கட்சி அரசியலின் சலுகை வலைப்பின்னலும் இத்திட்டத்துடன் பின்னிப் பிணைந்திருந்தது.

எனினும் அவ்விமர்சனத்தோடு நாம் நின்றுவிட்டது ஒரு தவறு என்றே இன்று தோன்றுகிறது. பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகரப் பிரிவில், வழமையான நகர விதிகள் தளர்த்தப்பட்டு, 2 பேர்ச்சஸ், அதாவது 50 சதுர மீற்றர், ஆகக்குறைந்த காணித்துண்டாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நவகம்புர போன்ற இடங்களில் குடியிருப்பாளர் கூடி இருந்து, ஒழுங்கை எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும், பொதுக் கிணறும் குழாயும் எங்கே அமையவேண்டும் என்பவற்றை அதிகாரிகளுடன் விவாதித்தனர். சமுதாய அபிவிருத்திச் சபைகள் வேலைகளைப் பொறுப்பேற்றன. இரண்டு பேர்ச்சஸில் எழுந்த வீடு வறுமையின் அடையாளமாகவே இருந்தது. ஆயினும் அது வளரக்கூடிய வீடு. மகன் தொழிலுக்குச் சென்றால் மேலே ஓர் அறை எழும். மகள் தையல் பழகினால் முன்பகுதி தையற் கடையாகும். ஒழுங்கை சமையலுக்கும் சச்சரவுக்கும் சாவீட்டுப் பந்தலுக்கும் பொதுவான முற்றமாயிற்று. அவ்வீட்டின் வடிவத்தில் வாழ்பவரின் கையெழுத்து இருந்தது. அக்கையெழுத்தின் பெறுமதியை நாம் அன்று வாசிக்கத் தவறினோம்.

5

இக்கையெழுத்து அழிக்கப்பட்ட வரலாறே அண்மைக் காலக் கொழும்பின் வரலாறு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கின்படி, கொழும்பு மாநகரில் வசதி குறைந்த குடியிருப்புகள் என வகைப்படுத்தப்பட்ட 1,499 இடங்களில் 68,812 குடும்பங்கள் வாழ்ந்தன. நகர மக்கள்தொகையில் ஏறக்குறைய அரைவாசியினர். இவர்கள் நகரின் காணியில் கொண்டிருந்த பங்கு ஏறத்தாழ 900 ஏக்கர், அதாவது 9 சதவீதம். இக்கணக்கு வெளியிடப்பட்டதன் நோக்கம் அந்த 9 சதவீதத்தை 'விடுவித்து' முதலீட்டுக்கு வழங்குவதாகும். நாமோ இதே கணக்கை வேறு விதமாக வாசிக்கலாம். அரைவாசி மக்கள் பத்திலொரு பங்குக்கும் குறைந்த காணியில் வாழும் நகரத்தில், காணியை விட்டுக்கொடுக்குமாறு கேட்கப்படுவோர் யார்? எஞ்சிய 91 சதவீதத்தைப் பற்றிய கேள்வி திட்ட ஆவணங்களில் எழுவதேயில்லை.

முதலில் 2001இல் வனாத்தமுல்லையில் 14 மாடிகளும் 671 வீடுகளும் கொண்ட சகஸ்புர திறக்கப்பட்டது. முடுக்குகளில் இருந்த குடும்பங்களை மாடிக்கு உயர்த்தி, அவர்கள் விட்ட காணியை விற்றுச் செலவை ஈடுசெய்வது அதன் தர்க்கம். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டு 2015 வரை அங்கேயே இருந்தது. 2010 மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இராணுவத்தினரின் பிரசன்னத்துடன் வீடுகள் இடிக்கப்பட்டமை அக்காலத்தின் போக்கை உணர்த்தும். தொடர்ந்து எழுந்த தொடர்மாடிகள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட வீட்டின் அளவு ஏறத்தாழ 400 சதுர அடி. அதற்கும் பத்து இலட்சம் ரூபா வரையில் தவணை முறையில் செலுத்துமாறு குடும்பங்கள் கேட்கப்பட்டன. அவர்களுள் முன்னைய இடத்தில் உறுதி வைத்திருந்தோரும் அடங்குவர்.

இந்த 400 சதுர அடியை நிதானமாக வாசித்தல் வேண்டும். முதலில் அதன் நன்மைகளைக் கூறுவோம். வீட்டினுள்ளே குழாய், தனி மலசலகூடம், ஒழுகாத கூரை, வெள்ளம் புகாத தரை. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கூச்சமின்றி எழுதக்கூடிய ஒரு முகவரி. வளர்ந்த பெண்பிள்ளைக்கு ஒரு கதவு. ஐரோப்பிய நாவலின் தோற்றத்தை ஆராய்ந்த ஐயன் வாட், தனியறையின் வரவுக்கும் தனிமனித அகவாழ்வைச் சித்திரிக்கும் நாவலின் வரவுக்கும் இடையிலான தொடர்பை 1957இலேயே சுட்டிக்காட்டினார். நாவலின் சமூக அடிப்படையைப் பற்றி விரிவாகப் பேசும் நாம், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்று தனித்திருந்து வாசிக்க ஓர் இடம் கிடைப்பதை அற்பமானதென ஒதுக்க முடியாது. முடுக்கு வாழ்க்கையைக் கூட்டுவாழ்வின் சொர்க்கமாகக் காட்டுவது அங்கு வாழாதோரின் கற்பனாவாதமே.

ஆனால் இவ்வடிவம் யாரை மனங்கொண்டு ஆக்கப்பட்டது? தந்தையும் தாயும் இரு பிள்ளைகளும், மாதச் சம்பளம், வீட்டுக்கு வெளியே தொழில் என்ற ஒரு மாதிரிக் குடும்பத்தையே அது கருதுகிறது. கொழும்பின் உழைக்கும் குடும்பம் பெரும்பாலும் அவ்வாறானதன்று. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை. விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்கும் தாய். சோற்றுப் பொதி கட்டும் சகோதரி. முச்சக்கர வண்டியை வாசலில் நிறுத்திப் பழுது பார்க்கும் மகன். முடுக்கில் ஒழுங்கை இவர்களது தொழிற்கூடமாகவும் சந்தையாகவும் இருந்தது. பன்னிரண்டாம் மாடியில் ஒழுங்கை இல்லை. கதவுகள் எதிரெதிரே மூடிக்கிடக்கும் நடைபாதையே உண்டு. வீட்டிலிருந்தபடியே சம்பாதித்த பெண்ணின் உழைப்பு வீட்டுப் படத்தில் எங்கும் இடம்பெறவில்லை. மின்தூக்கி பழுதானால் முதியவர் மேலேயே சிறைப்படுவர். இறப்பு நேர்ந்தால் பந்தலிடுவதற்கு இடம் தேடவேண்டும். பிள்ளைகள் பெருகினாலும் மணமகன் வந்தாலும் சுவரை ஓர் அடியேனும் நகர்த்த முடியாது. இரண்டு பேர்ச்சஸ் வீடு வளரக்கூடியது. இதுவோ முற்றுப்பெற்ற வீடு. வாழ்பவர் திருத்த முடியாத பனுவல் இது.

ஒப்புநோக்குக்காக ஒரு கணக்கையும் கூறலாம். ஈனா டி சில்வா வீடு நின்ற 'சிறிய' காணியில், 400 சதுர அடி வீடுகளை ஒரே தளத்தில் அடுக்கினால் இருபது வீடுகள் அடங்கும். கொழும்பில் காணி இல்லை எனக் கூறப்பட்ட அதே காலத்தில், 2014இல் தொடங்கி 2019 ஜனவரி அளவில், காலிமுகத்திடலை அடுத்துக் கடலை நிரப்பி 269 ஹெக்டயர் புதுநிலம் துறைமுக நகரத்துக்கென உருவாக்கப்பட்டது. மேற்குறித்த 68,812 குடும்பங்களும் வாழ்ந்த 900 ஏக்கரின் ஏறத்தாழ முக்கால் பங்குக்குச் சமமானது இது. மூலதனத்துக்கு வேண்டும்போது கடலும் காணியாகும். உழைப்பவருக்கு வேண்டும்போது காணியும் பற்றாக்குறையாகும். பற்றாக்குறை நிலத்தின் இயற்கைக் குணம் எனில் இவ்விரண்டும் ஒரே நகரத்தில் நிகழ்ந்திருக்க இயலாது.

1872–73 காலப்பகுதியில் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளில் ஏங்கல்ஸ், முதலாளித்துவம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதே அதன் வழி எனக் காட்டினார். கொழும்பில் அது கிடையாக மட்டுமன்றிச் செங்குத்தாகவும் நகர்த்தப்பட்டுள்ளது என்பதே நாம் சேர்க்கவேண்டிய குறிப்பு.

6

எனின், சமூக மாற்றம் நிகழும்வரை வீட்டு வடிவம் பற்றிப் பேசுவது வீண் என நாம் முடிவு செய்யவேண்டுமா? அவ்வாறு கருதுவது இலக்கியத்தில் வடிவச் சிரத்தையை மறுத்த அதே தவற்றை மீண்டும் இழைப்பதாகும். வர்க்க உறவு என்பது நூல்களில் மட்டும் உள்ள கருத்தாக்கமன்று. அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையே எத்தனை அடி என்பதில், யார் எதில் படுப்பது என்பதில், அது நாள்தோறும் அனுபவிக்கப்படுகிறது. ஆதலின் வடிவத்துக்கான போராட்டமும் வர்க்கப் போராட்டத்தின் ஓர் அங்கமே.

இவ்விடத்தில் கண்டியின் வட்டபுளுவை வீடமைப்பை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1958இல் நிறைவுற்ற இத்திட்டத்தை வடிவமைத்தவர் மினெற் டி சில்வா (1918–1998). அரசாங்க ஊழியர் குடும்பங்கள் இருநூறுக்கு மேற்பட்டவற்றுக்கு வீடமைக்க முற்பட்ட அவர், வீட்டுப் படம் வரைவதற்கு முன்னர் அக்குடும்பங்களிடம் வினாக்கொத்துகளை வழங்கினார். எவ்வாறு சமைக்கிறீர்கள், எவ்வாறு வழிபடுகிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு செலவிட முடியும் என்ற வகையில் அறிந்து, பல்வேறு இன மதங்களைச் சேர்ந்த அக்குடும்பங்களின் தேவைக்கேற்ப வீட்டு வகைகளை வகுத்தார். பாவாவின் புகழுக்கு முன்னால் இவரது பணி நீண்டகாலம் உரிய கவனம் பெறாதிருந்தமை தனியே ஆராயப்பட வேண்டியது.

வட்டபுளுவை மலைச்சாரல், கொழும்பு அன்று. அதன் பயனாளிகளும் சம்பளம் பெறும் மத்தியதர வர்க்கத்தினரே. எனவே அதனை அப்படியே மாதிரியாகக் கொள்ள முடியாது. ஆனால் அதன் முறை வர்க்க எல்லையைக் கடந்து செல்லத்தக்கது. மத்தியதர வர்க்கத்தினரிடம் கேட்கத் தோன்றிய கேள்விகள், வனாத்தமுல்லையிலும் கொம்பனித்தெருவிலும் மாடிக்கு அனுப்பப்பட்டவர்களிடம் ஏன் கேட்கப்படவில்லை? நவகம்புரவில் 1980களில் கேட்கப்பட்டதே, அரசு பின்னர் அதை ஏன் மறந்தது? கேட்டால், அவர்களுள் பலர் முதலில் தமது காணியைப் பற்றியே பேசியிருப்பார்கள். அப்பேச்சைத் தவிர்ப்பதற்கு உகந்த வழி கேளாமல் இருப்பதே.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நகர வீட்டு வடிவத்தை மதிப்பிடும் விமர்சனம் மூன்று வினாக்களை ஒருங்கே எழுப்புதல் வேண்டும் என்பது புலப்படும். இவ்வடிவம் எந்தக் காணியுறவை ஏற்றுக்கொண்டு உருவாகிறது? அதனுள் எவருடைய உழைப்பு இடம்பெறுகிறது, எவருடையது மறைக்கப்படுகிறது? அதனை எழுதியவர்களுள் அதில் வாழ்பவரும் ஒருவரா? முதல் வினாவை மட்டும் கேட்டால் 1973இன் சட்டத்தைப்போல் உரிமை கைமாறியும் அறை மாறாது நிற்கும். மூன்றாவதை மட்டும் கேட்டால், இரண்டு பேர்ச்சஸுக்குள் எதை எங்கே வைப்பது என்ற உரிமையோடு மக்கள் அமைதியடையுமாறு செய்யப்படுவர். இரண்டாவதை எவரும் கேட்காதபோது, விடியற்காலையில் இடியப்பம் அவிக்கும் பெண் எல்லாத் திட்டங்களுக்கும் வெளியே நிற்பாள்.

காணி குறைவு என்று சொல்பவரிடம் யாருக்குக் குறைவு எனத் திருப்பிக் கேட்பதே எமது முதற்கடன். அக்கேள்வியோடு வீட்டுப் படத்தை விரித்து வாசிக்கவும் நாம் பழகவேண்டும். கவிதையின் ஒரு சொல்லைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கத் தெரிந்த எமது விமர்சனம், ஒரு குடும்பம் தன் வாழ்நாள் முழுவதும் வாழப்போகும் 400 சதுர அடியைப் பற்றி மௌனமாக இருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.